மாயாபந்தர் பேசியது

“இத்தனை பெரிய டப்பாவைத் தூக்கிக்கிட்டுத் திரியுறியே தம்பி, ஒரு மனுசக் குரலை இதுல பிடிக்க முடியலையா?”

ஜன்னத் பீவி போட்ட சத்தத்தில் காட்டு முகாமின் பாதிப் பேர் அவள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

திருநாவுக்கரசு வயர்லெஸ் செட்டைத் திண்ணையில் இறக்கி வைத்தான். அந்த முகாமின் வயர்லெஸ் ஆபரேட்டர் அவன். சுற்றிலும் மலை, நடுவில் குழி மாதிரி முகாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாயாபந்தர் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த சிக்னலும் இந்தக் குழிக்குள் எட்டிப் பார்க்காது. காலையிலிருந்து இரண்டு மேடுகளில் செட்டை வைத்துப் பார்த்துவிட்டான். கொரகொரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

உள்ளே பீவியின் மருமகள் லத்தீபா தலைப்பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குச் சரக்கெடுக்க போர்ட் பிளேர் போன மகன் காதர் இன்னும் திரும்பவில்லை.

நர்ஸ் ஜெயமணி வெளியே வந்தாள்.

“குழந்தை கால் பக்கமாத் திரும்பியிருக்குண்ணே. மாயாபந்தர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது.”

“கேட்டீங்களா?” என்று பீவி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். “நேத்து வந்த பொண்ணு இவ. இவ கையை நம்பி என் மருமகளை விடச் சொல்றீங்களா? எனக்கு டாக்டர் வந்தாகணும். போட்டை வரச் சொல்லு!”

ஜெயமணி சிரித்தாள். “பீவிம்மா வாய் எனக்குப் புதுசா என்ன?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருநாவுக்கரசுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மலையில் எத்தனை பிள்ளைகளை எடுத்த கை அது! நன்றி கெட்ட ஜென்மம்.

“மொட்டைப் பாறைக்குப் போறேன்” என்றான். “அங்கே நின்னும் மாயாபந்தரைப் பிடிக்கலேன்னா நான் ஆபரேட்டரே இல்லை. சலோ, சோமா!”

முகாமில் கூலி வேலை பார்க்கும் ராஞ்சிக்காரன் சோமா, செட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கைச்சுற்று ஜெனரேட்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் சேறு, அட்டை. பிடிக்கக் கிடைத்த கொடியெல்லாம் முள். உச்சிக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

ஏரியல் கம்பியை இந்த மரத்தில் கட்டினான். கொரகொரப்பு. அந்த மரத்தில் கட்டினான். கொரகொரப்போடு ஒரு விசில். திருநாவுக்கரசு அசரவில்லை. பாறையின் விளிம்புவரை போய், கடலைப் பார்த்துச் சரிந்திருந்த கிளையில் கம்பியை வீசினான்.

“குமாவ் சோமா, ஜோர் ஸே!”

சோமா கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான்.

“...மாயாபந்தர் பேசுகிறது. சொல்லுங்கள். ஓவர்.”

பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு! திருநாவுக்கரசு விஷயத்தைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்து பேசினார்.

“குழந்தையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். தானாக இறங்கட்டும். தலை வரும்போது தாங்கிக் கொடுத்தால் போதும். ஜெயமணிதானே? செய்துவிடுவாள். ஓவர்.”

“போட் எப்போ சார் வரும்? ஓவர்.”

“கடல் கொந்தளிக்கிறது. இன்றைக்கு எந்தப் போட்டும் கிளம்பாது. ஓவர்.”

அவன் இறங்கி வந்தபோது மலையடியில் பீவி தனியாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சுதா தம்பி?”

“கிடைச்சுது. ஆனா போட் வராது. கடல் சரியில்லை.”

இனி என்ன வசவு வருமோ என்று நின்றான். பீவி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாசலிலிருந்தே கூவினாள்.

“மவளே லத்தீபா! மாயாபந்தர் பேசிருச்சு! டாக்டர் போட்ல ஏறிட்டாராம்! தைரியமா இரு!”

திருநாவுக்கரசு விக்கித்துப் போனான். காதில் விழாததை ஒரு நாளும் சொல்லாதவன் அவன். மறுத்துப் பேச வாயெடுத்தவனைப் பீவி ஒரே பார்வையில் நிறுத்தினாள். டாக்டர் இழுக்க வேண்டாமென்று சொன்னதை மட்டும் ஜெயமணியிடம் சொன்னான்.

“நானும் அதைத்தாண்ணே நினைச்சேன்” என்றாள் அவள். முகம் தெளிந்துவிட்டது.

அதுவரை முனகிக்கொண்டிருந்த லத்தீபாவின் குரலிலும் ஒரு வேகம் வந்தது. ஜெயமணி சொல்லச் சொல்ல மூச்சைப் பிடித்து முக்கினாள்.

பொழுது சாய்வதற்குள் உள்ளேயிருந்து குழந்தையின் வீறல் கேட்டது.

“ஆம்பளப் புள்ளை! ரெண்டு பேரும் சுகம்!” என்றாள் ஜெயமணி.

வாசலில் ஒரே ஆரவாரம். திருநாவுக்கரசு மட்டும் பீவியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டான்.

“பீவிம்மா, நல்லபடியா முடிஞ்சுது, சந்தோஷம். ஆனா நீங்க செஞ்சது நியாயமா? அந்தப் பொண்ணை ஊரைக் கூட்டி வச்சுத் திட்டினீங்க. கடைசியில அவ கைதானே காப்பாத்துச்சு? டாக்டர் வேணும் டாக்டர் வேணும்னு அப்படியொரு பிடிவாதம் பிடிச்சீங்களே!”

பீவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பிடிவாதம் பிடிச்சது நான் இல்ல தம்பி, லத்தீபா. அக்காவைப் பிரசவத்துல பறிகொடுத்தவ. டாக்டர் வந்தாத்தான் பொழைப்பேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. தன் கையிலே படுத்திருக்கிறவளே தன்னை நம்பலைன்னு தெரிஞ்சா ஜெயமணிக்குக் கை நடுங்கிப் போகாதா? மாமியாக்காரி சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவா!”