அம்மா அறையின் நீலம்

"இதுவும் இல்ல சித்தி. எங்கம்மா ரூம் நீலம் இன்னும் கொஞ்சம்... தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்."

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தைத் தெரு பெயின்ட் கடையில், ஒன்பது வயது லிவாய் இரண்டு வண்ண அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டும் ஒரே நீலம்தாம்மா! வித்தியாசம் கண்டுபிடிச்சா கடையையே எழுதித் தரேன்" என்றார் கடைக்காரர்.

"சும்மா இருங்கண்ணே. அவளுக்குத் தெரியும்" என்றாள் ரோவேனா.

ரோவேனாவுக்குத்தான் தெரியாது. லிவாயின் அம்மா இறந்தபின், அவள் அப்பா கப்பல்காரன் தான்தேவுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். கல்யாணமான மாதமே அவன் கப்பலேறிவிட்டான். போகும்போது ஓர் உத்தரவு: "ரூம் தயாராகுற வரைக்கும் லிவாய் உன்கூடப் படுக்கட்டும். அப்புறம் தனியாப் படுத்துப் பழகணும்."

புது சிமென்ட் வீட்டில் லிவாயின் அறைக்கு, அவள் கேட்டபடி, இரண்டு முறை நீலம் அடித்தாயிற்று. இரண்டு முறையும் லிவாய் தலையாட்டி மறுத்துவிட்டாள். போய்ப் பார்த்து வரலாமென்றால், பழைய வீடு புயலோடு போய்விட்டது.

"பெத்தவள மறக்காத பொண்ணு. உன்னை எங்க சேர்த்துக்கப் போவுது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஊர் வாயை மூட முடியுமா? ரோவேனாவோ, இந்த அறை சரியாக அமைந்தால் குழந்தை தன்னை ஏற்றுக்கொள்வாள் என்று நம்பி, மூன்றாவது டப்பாவை வாங்கினாள்.

சனிக்கிழமை இருவரும் மூக்கெல்லாம் நீலம் அப்பியபடி சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தான்தே! ரோவேனா கொல்லைப்புறம் ஓடினாள்.

"ஏங்க, பழைய வீட்ல லிவாயோட அம்மா ரூம் வெளிர் நீலமா, அடர் நீலமா? இதுவும் தப்புன்னா நான் அழுதுடுவேன்!"

"நீலமா?" தான்தே சிரித்தான். "அது தட்டி வீடுடி. மூங்கில் முடைஞ்ச சுவரு. பெயின்ட்ட மோந்துகூடப் பார்த்ததில்ல."

ரோவேனா மெல்ல உள்ளே வந்தாள். அடித்து முடித்த சுவரின் முன்னால் லிவாய் தூரிகையோடு வாடிப்போய் நின்றிருந்தாள்.

"இதுவும்... இல்ல சித்தி."

ரோவேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாடி செல்லம், எனக்கும் இல்லன்னுதான் தோணுது. மெதுவா வேற நீலம் தேடுவோம். அதுவரைக்கும் என் பக்கத்துலயே படுத்துக்கோ."