ஏற்றாத கற்பூரம்

இரண்டாம் முறையாக நிற்கும் எம்.எல்.ஏ. தங்கத்துரைக்கு எதிர்க்கட்சியைவிடத் தன் குரலின் மீதுதான் பயம். இப்போதெல்லாம் தேர்தல் வந்தால், பதவியில் இருப்பவரின் கணினி நகல் வீட்டுக்கு வீடு போனில் பேசுகிறது. அந்தந்த நேரம் அவர் மனதில் இருப்பதை அவர் குரலிலேயே சொல்லும். பொய் மட்டும் அதற்கு வராது.

வடக்குத் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தவரை, பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் மறித்தாள். தட்டில் கற்பூரம் இருந்தது. ஏற்றவில்லை.

"ஏழு மணி பஸ் கேட்டோமே, என்னாச்சு அண்ணாச்சி? ஆலை விட்டு இன்னும் இருட்டுலதான் நடந்து வாரோம்."

அவர் மைக்கை உயர்த்தினார். "நான் எவ்வளவோ போராடிப் பார்த்தேன்மா. மேலிடத்துலதான்..."

"உங்க நகல் அப்படிச் சொல்லலையே."

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். கட்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கத்துரை மைக்கை அணைத்தார்.

"மறந்துட்டேன்மா. உங்ககிட்ட சரின்னு சொன்னேன். கார்ல ஏறுனதும் மறந்துட்டேன்."

"அதுவும் இதையேதான் சொல்லிச்சு." பேச்சியம்மாள் தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்தை ஏற்றினாள். "ஓட்டு யாருக்குன்னு இன்னும் முடிவு பண்ணல. குனிங்க, பொட்டு வைக்கேன்."

மறுநாள் காலை உலை வைத்தபடியே அவள் போனில் நகலிடம் கேட்டாள்.

"பஸ் ஞாபகமிருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா. டிப்போ வாசல்லதான் நிக்கேன்."