சீட்டு இல்லாத இருபத்தொரு நாள்

"இருபத்தொரு நாள், மிஸ்டர் ஹோலப்! ஒரு டாக்டர் சீட்டு கிடையாது. ஒழுங்கா ஒரு போன் கிடையாது. பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளா இல்லையான்னு வீட்டுல யாராவது பார்க்கறீங்களா?"

மார்லிஸ் கேட்க, டுவேன் ஹோலப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இறைச்சித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. துணை முதல்வரின் அறை முழுக்க ப்ளீச் வாடை.

மார்லிஸ் அந்த உயர்நிலைப் பள்ளியின் வருகைப் பதிவு அலுவலர். இருபத்தாறு வருஷமாக அதே கவுன்ட்டர். அறுநூறு பிள்ளைகளில் யார் எப்போது வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில்.

துணை முதல்வர் ப்ரூயிட் விதிமுறைக் கையேட்டைத் திருப்பி வைத்தார். "இருபது நாள் தாண்டினா நாங்க கவுன்ட்டி அரசு வக்கீலுக்கு எழுதியே ஆகணும். உங்க மேல கேஸ் வரும், ஜெயில்கூடப் போக வேண்டியிருக்கலாம். உடம்பு சரியில்லைன்னு ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டுல ஒரே ஒரு சீட்டு இருந்தா இப்பவே நிறுத்திடலாம். இருக்கா?"

ஜன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்துவிட்டு, "இல்லை சார்" என்றார் ஹோலப்.

"அப்புறம் ஏன் வரலை?"

"நான்தான் எழுப்பலை. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பஸ் போயிடுது."

"பதினாறு வயசுப் பொண்ணு, தானா எழுந்திருக்கத் தெரியாதா?" மார்லிஸ் விடவில்லை.

"தப்பு என்னோடது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

இந்த ஆளை இவர் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனதில் ஆச்சரியமே இல்லை என்று நினைத்துக்கொண்டாள் மார்லிஸ்.

ப்ரூயிட் ஒரு படிவத்தை நீட்டினார். 'என் கவனக்குறைவால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறினேன்' என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டா குத்தத்தை ஒப்புக்கிட்ட மாதிரி. யோசிச்சுக்கோங்க."

"இது யார் பேர்ல இருக்கும்? என் பேர்லயா, கெண்ட்ரா பேர்லயா?"

"உங்க பேர்லதான்."

"கொடுங்க."

படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

"வெட்கம்னு ஒண்ணு இருக்கா பாருங்க!" என்றாள் மார்லிஸ். அப்போதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினாள். ஹோலப் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஹோலப்! நாளைக்கு போலீஸ்லருந்து டெபுடி ஷெரிஃப் உங்க வீட்டுக்கு வருவார். பொண்ணை நேர்ல பார்த்து எழுதிக்கிட்டுப் போகணும். அவளை வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

கதவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அவரை வர வேண்டாம்னு சொல்ல முடியாதா மேடம்?"

"ஏன்? பொண்ணு வீட்டுல இல்லையா?"

ஹோலப் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தார்.

"எவன்கூடயாவது போயிட்டாளா? அதைத்தான் மூடி மறைக்கறீங்களா?"

ஹோலப் அவளையே பார்த்தார். பிறகு வண்டிக்குள் குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடணும்."

ஓமஹா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லெட்டர்ஹெட். இளையோர் மனநலப் பிரிவு. கெண்ட்ரா ஹோலப், வயது பதினாறு. இருபத்து நான்கு மணி நேரமும் கண்காணிப்பில் இருக்கிறாள். சேர்த்த தேதி, அவள் பள்ளிக்கு வராத முதல் நாள்.

மார்லிஸ் தேதியை இன்னொரு தடவை படித்தாள்.

"அன்னிக்கு மிஷின் ரிப்பேர்னு சீக்கிரம் விட்டுட்டாங்க. வழக்கமான நேரத்துக்கு நான் வந்திருந்தா..." ஹோலப் முடிக்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கா?"

"உயிரோட இருக்கா. நேத்து கொஞ்சம் சூப் குடிச்சா."

"நான் டெபுடிகிட்ட சொல்லி நிறுத்திடறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

மார்லிஸ் கையிலிருந்த காகிதத்தை மறுபடியும் பார்த்தாள்.

"கடவுளே! இதை முதல் நாளே என் கவுன்ட்டர்ல கொடுத்திருந்தா கேஸே இல்லையே! நாளைக்குக் கோர்ட்டுல குற்றவாளியா நிக்கப் போறது நீங்க. ஊரே உங்களைக் கேவலமா பேசப் போகுது. இதைப் போய் ஏன் மறைச்சீங்க?"

ஹோலப் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் குரலில் கோபமில்லை.

"போன செப்டம்பர்ல கெண்ட்ராவோட பல் டாக்டர் சீட்டைக் கொடுக்க ரெண்டு பேரும் வந்தோம். நீங்க வேற யாரோ ஒரு பொண்ணோட சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு, பக்கத்து மேஜைக்காரங்ககிட்ட, 'பாரேன், இவளும் பைத்தியக்கார வார்டுல இருந்துட்டு வந்திருக்கா'ன்னு சிரிச்சீங்க. வரிசையில நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு. அடுத்த வாரமே அந்தப் பொண்ணு படிப்பை நிறுத்திட்டா."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப கெண்ட்ரா கண்ணைத் திறந்து சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் மேடம். 'சீட்டை மட்டும் அந்தம்மாகிட்ட கொடுத்துடாதீங்கப்பா.'"