ரெண்டு இன்ச் உசரம்

"தேங்கா ஏத்தற வண்டிக்கு இந்தக் கொழுப்பு தேவைங்களா?"

வாசலில் வந்து நின்ற பிக்கப்பைப் பார்த்ததும் கீதா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

காலையில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு சாதுவாகப் போன வண்டி, உடுமலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பியிருந்தது. டயர் ஒவ்வொன்றும் தீனி தின்ற எருமைக்கன்று மாதிரி இருந்தது.

அவள் புருஷன் மனோஜ்குமார் இறங்கினான். இறங்கினான் என்பதைவிடக் குதித்தான் என்பதுதான் சரி.

"லோடு இல்லாதப்ப பின்னாடி தூக்கிட்டு, முன்னாடி தாழ்ந்தே நிக்கும் அம்மணி. முன் ஸ்பிரிங்குக்கு மேல ஒரு கட்டை குடுத்து ரெண்டு இன்ச் தூக்கினா சமமாயிரும். அப்பத்தான் பெரிய டயர் போட்டாலும் மட்கார்டுல ஒரசாது."

"டயர் ஒரசாது, சரி. எங்கம்மா எப்படி ஏறுவாங்க?"

மனோஜ்குமார் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.

சந்தை நாளில் தேங்காயோடு உடுமலைக்குப் போகும்போது, வழியில் மாமியார் தெய்வாத்தாளையும் ஏற்றிக்கொள்வான். சந்தை முடிந்ததும் அவள் இங்கே வந்து, பேத்தி வர்ஷினிக்குத் தலை பின்னிவிட்டு, ராத்திரி தங்கிப் போவாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கீதாவுக்கு அம்மா.

"எங்கம்மா வரக்கூடாதுன்னுதானுங்க இதைச் செஞ்சீங்க?"

"அட, அப்படியெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"அழகா இருக்குதில்ல?"

அன்றிலிருந்து மனோஜ்குமாருக்கு ரசத்தில் உப்பு இல்லை. ஏனென்று கேட்டால், "அழகா இருக்குதில்லீங்க?" என்றாள் கீதா.

சந்தை நாள் காலையில் தானும் வண்டியில் ஏறினாள். ஒரு கையில் கதவு, ஒரு கையில் சீட்டு, பின்னாலிருந்து புருஷன் ஒரு தள்ளு. அப்படித்தான் ஏற முடிந்தது.

"எங்கம்மா ஏற முடியாம நிக்கறதை உங்க கண்ணால பாக்கோணும். பாத்துப்போட்டு, நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போயி வண்டியைப் பழையபடி எறக்கோணும்."

அம்மா வீட்டு வாசலில் தெய்வாத்தாள் பையோடு நின்றிருந்தாள். கூடவே, வாராவாரம் இதே வண்டியில் வரும் பக்கத்து வீட்டு மயிலாத்தாளும் பையோடு நின்றாள்.

மயிலாத்தாள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னுங்க மாப்பிள்ளை, ஆனை மேல ஏறறாப்ல இருக்குது. நம்மால ஆகாதுங்க."

"எனக்கும் ஆகாதுங்கக்கா." தெய்வாத்தாள் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போங்க மாப்பிள்ளை. நான் ஊட்டுலயே கெடக்கறேன்." முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்தாள்.

வண்டி நகர்ந்ததும் கீதா ஆரம்பித்தாள். "பாத்தீங்களா? எங்கம்மாளை அழ வெச்சுட்டீங்க..."

தண்ணி டேங்க் திருப்பத்தில் வண்டி நின்றது.

"இங்க எதுக்கு நிறுத்தறீங்க?"

பின்சந்திலிருந்து தெய்வாத்தாள் ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, ஒரே எட்டில் உள்ளே வந்துவிட்டாள்.

"தள்ளி உக்காரு கண்ணு."

"ஏம்மா, முட்டி வலி?"

"முட்டிக்கென்ன, கல்லாட்ட இருக்குது. எல்லாம் மயிலக்காவுக்காகத்தான். எதுக்க நிக்கற மனுசியை, 'நீங்களும் வாங்கக்கா'ன்னு கூப்பிடாமப் போக முடியுமா? நான் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டா, அந்தக்கா ஏறி ஜன்னலோரம் உக்காந்துக்குது. நடுவுல நான். மாப்பிள்ளை கியர் போடறப்பெல்லாம் என்ற முட்டியில இடி. இதுல அந்தக்கா மருமகனோட ஏசி கார் கதை வேற, வழி பூராவும்."

"எடமில்ல, வராதீங்கன்னு சொல்லிப்போட வேண்டியதுதானே?"

கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போல மகளைப் பார்த்தாள் தெய்வாத்தாள். "அப்படி வாய் விட்டுச் சொல்லுவாங்களா, கண்ணு?"

"அத்தை ஒரு வழி பண்ணச் சொன்னாங்க," என்றான் மனோஜ்குமார். "எனக்கும் பெரிய டயர் மேல ஒரு ஆசை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சொல்லியிருந்தா இந்நேரம் மயிலக்காவுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் அம்மா.

கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, வண்டியையே தூக்கிவிட்டார்களே.

கண்ணாடியைப் பார்த்த மனோஜ்குமார் பதறினான். "அத்தை, குனிங்க."

இடுப்பில் ஒரு மர ஸ்டூலோடு மயிலாத்தாள் ஓடி வந்துகொண்டிருந்தாள். தெய்வாத்தாள் சீட்டுக்கும் கீழே சுருண்டாள். உசரமான வண்டி ஆனதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மயிலாத்தாள் மூச்சிரைக்க ஸ்டூலை நீட்டினாள். "நல்லவேளை நின்னீங்க மாப்பிள்ளை. இதைப் போட்டு உங்கத்தையை ஏத்திக்கங்க. பேத்தியைப் பாக்காட்டி அவளுக்கு இன்னைக்குச் சோறு எறங்காது."

மனோஜ்குமார் ஸ்டூலை வாங்கிக்கொண்டான். "நீங்களும் வாங்க," என்று சொல்லிவைத்தான்.

"ஐயோ, என்னைய விட்டுருங்க. எனக்குச் சந்தையில ஒரு வேலையுமில்ல. வண்டியில உக்காந்தாலே கொமட்டும். அதுக்குத்தான் ஜன்னலோரம் உக்காந்துக்குவேன். அதை மறக்கத்தான் எதையாச்சும் பேசிட்டே வருவேன்."

"அப்புறம் எதுக்குங்க வாராவாரம் வந்தீங்க?" என்றாள் கீதா.

மயிலாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மா அத்தனை ஆசையாக் கூப்பிடறா, எப்படிக் கண்ணு மாட்டேங்கறது? இதை அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, மனசு நொந்துபோவா."