குலுக்கலில் ஒரு கை

நம்புவோரும் நம்பாதோரும் என்னைப் பொறுத்தருள வேண்டும். எழுதத் துணிந்தது இதுவே முதன்முறை.

"சிஸ்டர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. மாத்திரை டப்பாவை மாத்தினது யாரு?"

கேட்டவர் புள்ளியியலாளர். புதிய மருந்தொன்றின் சோதனை அந்த வார்டில் சில ஆண்டுகளாக நடந்து வந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்குச் சிவப்பு மூடி டப்பா, யாருக்கு நீல மூடி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எந்த மூடிக்குள் மருந்து என்பதை அங்கே புள்ளியியலாளர் ஒருவரே அறிவார்.

"என்ன சார், திருடனைப் பிடிச்ச மாதிரி கேக்குறீங்க?" மருந்தறையில் பஞ்சுப் பொதிகளை அடுக்கியபடியே தலைமைச் செவிலியர் சிரித்தார்.

"சின்னக் குழந்தை இருக்கிற அம்மாக்கள் அத்தனை பேர்கிட்டயும் சிவப்பு மூடி. இப்பதான் ஒவ்வொரு கட்டிலா பார்த்துட்டு வர்றேன். குலுக்கல்ல இப்படி விழாது."

"ஆண்டவன் போட்ட கணக்கா இருக்கும்."

"ஆண்டவனுக்கு இந்த வார்டுல யாரும் டியூட்டி போடலையே!"

"உங்களுக்குத்தான் எதுலயும் நம்பிக்கை கிடையாதே, சார்."

"தற்செயல்ல உண்டு. அது யார் முகத்தையும் பார்க்காது. இங்க யாரோ முகம் பார்த்திருக்காங்க."

செவிலியரின் கை நின்றுவிட்டது. புள்ளியியலாளர் போய்க் கதவைச் சாத்தினார்.

"நான்தான் சார்," என்றார் செவிலியர் மெல்ல. "முதன்முதல்ல குணமாகி வீட்டுக்கு நடந்து போனவர் சிவப்பு மூடிக்காரர். அதுலதான் மருந்துன்னு ஆண்டவனே எனக்குக் காட்டிக் கொடுத்ததா நினைச்சேன். பச்சப்புள்ளக்காரிக்கு மாவைக் கொடுக்க மனசு வரல."

"அவர் தானா தேறினவரு, சிஸ்டர். சிவப்புலதான் மாவு."

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கதவோரக் கட்டில்..." என்று ஆரம்பித்தார் புள்ளியியலாளர். "போன வாரம் இறந்தாங்களே, அவங்களுக்கு நீலம்தானே?"

"நீலம்தான் வந்துச்சு. கைக்குழந்தையோட வந்து சேர்ந்தாங்க, பாவம். முதல்ல சிவப்புக்கு மாத்தினதே அவங்களுக்குத்தான். தெரிஞ்சவங்களா சார்?"

கம்ப்யூட்டர் அந்தப் பெண்ணுக்குப் போட்டிருந்தது சிவப்பு. ஒருவரும் அறியாமல் அதை நீலமாக மாற்றி வைத்தவர் புள்ளியியலாளர்தாம்.

சோதனை ரத்தாயிற்று. செவிலியருக்கும் புள்ளியியலாளருக்கும் வேலை போயிற்று. சிவப்பு மூடி வாங்கிய தாய்மார் மூவர் இறந்தனர்; அவர்களுள் ஒருத்தி, கதவோரக் கட்டிலில் இருந்தவள், புள்ளியியலாளரின் தங்கை.