சில்வர் அடித்த பைப்

“பாப்பா இங்கயே வெளையாடிட்டு இருக்கட்டுமுங்க மொதலாளி. உள்ளாற எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

மேஸ்திரி செங்கோட்டையன் சொன்னது தீனதயாளன் காதில் ஏறவே இல்லை. மகள் நித்யஸ்ரீயின் கையைப் பிடித்து, லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டின் நடுவிலிருந்து தன் ஆபீஸ் ரூமுக்குத் தரதரவென்று இழுத்துப் போனான். பள்ளிக்கூடம் லீவு என்று அப்பாவோடு நாமக்கல் பட்டறையைப் பார்க்க வந்த எட்டு வயதுக் குழந்தை, ஒன்றும் புரியாமல் விழித்தது.

விஷயம் அவனுக்கல்லவா தெரியும்! பத்து நிமிஷத்துக்கு முன்னால் செல்போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. வாழப்பாடிப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில், கம்ப்ரெசர் காற்று போகிற பிளாஸ்டிக் பைப் வெடித்து, கீழே நின்றவன் முகமெல்லாம் சில்லுச் சில்லாகக் குத்தியிருந்தது. ஒரு கண் போயே போயிற்றாம்.

இங்கேயும் அதே பைப்தான். இரண்டு வருஷத்துக்கு முன் லைன் இழுக்கும்போதே செங்கோட்டையன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

“வேண்டாமுங்க. தண்ணி பைப்பு விரிசல் உட்டா ஒழுகும், அவ்வளவுதான். காத்து அப்பிடியில்லீங்க, ஒரே வெடியா வெடிச்சுப் போடும். சூட்டுல காஞ்ச பிளாஸ்டிக்கு அப்பளமாட்ட நொறுங்குமுங்க. இரும்பே போட்டுரலாம்.”

“தண்ணி போற பைப்புல காத்து போகாதா? இனிமே எவனாச்சும் பைப்பு பேச்செடுத்தா, நாளைலருந்து வேலைக்கு வர வேண்டாம்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான் தீனதயாளன்.

அது போதாதென்று ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. போன ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கும்போது, பைப்புக்கும் சில்வர் அடிக்கச் சொன்னான். பார்க்கிறவன் இரும்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம்! சொல்லிவிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு நாலு நாள் குற்றாலம் போய்விட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் ஷெட் முழுக்கப் பளபளவென்று மின்னியது. அதற்கப்புறம் ஒருத்தரும் பைப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. செங்கோட்டையன்கூட ரூம் வாசற்படியைத் தாண்டுவதில்லை. எதுவானாலும் வெளியே நின்றே பேசினார். ஆள் அடங்கிவிட்டார் என்று தீனதயாளனுக்கு ஏகத் திருப்தி.

இப்போது வேலையை நிறுத்தலாம்தான். ஆனால் சாயந்தரம் இரண்டு லாரி டெலிவரி இருக்கிறதே! இன்னும் மூணு மணி நேரம் எப்படியாவது ஓடிவிட்டால் போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மகளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டான், நல்ல முதலாளி!

ரூமின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரெசர் தடதடத்துக்கொண்டிருந்தது. ரூமுக்குள் பைப் எதுவும் கண்ணில் படவில்லை. மேலே வழுவழுவென்று ஃபால்ஸ் சீலிங்.

“சாமி, இந்தச் சேர்ல உக்காரு. அப்பா சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது.”

உச்சியில் எங்கோ ‘டிக்’கென்று ஒரு சத்தம். பல்லியாக இருக்கும்.

கதவு படாரென்று திறந்தது. வாசலில் செங்கோட்டையன். முகம் சரியில்லை.

“மொதலாளி, பாப்பாவ வெளிய உடுங்க.”

இந்தத் தடவை அது கெஞ்சல் இல்லை. தீனதயாளன் மகளை மறைத்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைக் குழந்தையிடம் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறானா, பாவி?

“எதுக்கு? அந்த பைப்புக்குக் கீழ கொண்டு போயி நிறுத்தறதுக்கா?”

வாய் தவறி வந்துவிட்டது. செங்கோட்டையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப அது வெடிக்குமுன்னு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் எங்க பதினோரு பேர்த்த அடியில நிக்க வெச்சுப்போட்டு, உங்க புள்ளய மட்டும் தூக்கிட்டு ஓடியாந்துட்டீங்க.”

தீனதயாளன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பூசை லீவுல, எங்க போனஸ் காசப் போட்டு ஷெட்டு பூராவும் இரும்பு மாத்திட்டோமுங்க. அது மேலதான் சில்வர் அடிச்சோம். சொன்னா வேலை போயிருமுன்னு சொல்லலீங்க.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. தீனதயாளன் கையெடுத்துக் கும்பிடப் போனான். மறுபடியும் மேலே ‘டிக்’கென்றது.

“டேய், கம்ப்ரெசர நிறுத்துங்கடா!” என்று பின்னால் திரும்பிக் கத்திய செங்கோட்டையன், முதல் தடவையாகப் படியைத் தாண்டி உள்ளே பாய்ந்து குழந்தையை வாரி எடுத்தார்.

“ஓடியாங்க மொதலாளி! பூட்டிக் கெடந்த இந்த ரூமு மேல போறது மட்டுந்தானுங்க இன்னும் பிளாஸ்டிக்கு!”