முதல் பெயர்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் அடுத்த சீசன் பட்டியலில், முதல் பெயரையே பயிற்சியாளரம்மா சிவப்பு மையால் அடித்தார்.

உதவிப் பயிற்சியாளர் பதறினாள். "மேடம், நம்ம நெட்டை இல்லாமலா? மேட்சுக்கு இருபத்திரண்டு பாயிண்ட் போடுறவ! மத்த நாலு பேரும் சேர்ந்தாக்கூட அவ்வளவு வராதே!"

"அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு."

"படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கே?"

"படிக்கட்டும். ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி ஆடக் கூடாதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கண்டிப்பாச் சொல்லியாச்சு."

உதவிப் பயிற்சியாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எந்தக் காலத்துல இருக்காங்க? விலாசம் குடுங்க மேடம். அந்த மாமியார்க்காரியை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வரேன்."

பயிற்சியாளரம்மா பேனாவை மூடினார்.

"எங்கேயும் போக வேணாம், இங்கேயே கேளு. மாப்பிள்ளை என் பையன்தான்."